ஒரு ராத்தல் அரிசி

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் கள்ளிக்குப்பம் இருக்கிறது. விடியற்காலையில் அந்தச் சாலையில் இரண்டு விதமான போக்குவரத்தைப் பார்க்கலாம். ஒன்று, செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள். மற்றொன்று, உடம்பைக் குறைப்பதற்காகக் கைகளை வீசி வீசி நடக்கும் ஆண்களும் பெண்களும். லாரி வரும்போது நடக்கிறவர்கள் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறார்கள். அரிசிக்கு நம் நாட்டில் உள்ள மரியாதை அப்படி!

நடை முடிந்து டீக்கடை வாசலில் நிற்கும்போது இவர்கள் பேசுவதெல்லாம் மூன்று சத்துக்களைப் பற்றித்தான். மாவுச்சத்து எத்தனை, புரதம் எத்தனை, கொழுப்பு எத்தனை? "சோற்றை அடியோடு விட்டுவிட்டேன் சார்" என்கிறார் ஒருவர். "நெய்யைத் தொட்டு ஆறு மாசம் ஆச்சு" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் எதையும் விடவில்லை, எல்லாவற்றையும் பாதியாக்கிவிட்டார். மூவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள்: இந்தக் கணக்கெல்லாம் புதுக் காலத்து விஞ்ஞானம் என்பதில்.

புதுக் காலமாவது! இதே வழக்கு இதே சென்னை ராஜதானியில் 1877-ஆம் வருஷமே ஒரு தடவை நடந்திருக்கிறது. அப்போது அதில் சம்பந்தப்பட்டவர்கள் தொந்தி வளர்ந்த கனவான்கள் அல்ல; விலா எலும்பை எண்ணிவிடக் கூடிய ஏழைகள்.

தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் நம் கிராமங்களில் இன்னும் முழுக்க அழிந்துவிடவில்லை. 1876-ல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருஷங்கள் தென்னாடு பட்ட பாடு சொல்லத் தரமன்று. ஊர் ஊராக ஜனங்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். சர்க்கார் நிவாரண வேலைகளைத் திறந்தது. கையில் தெம்பு உள்ளவன் மண் வெட்ட வேண்டியது, கல் உடைக்க வேண்டியது. தானியம் வாங்கும் அளவுக்குக் கூலி தரப்படும். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்த நாளில் அப்படி வெட்டப்பட்டதுதான். இன்று அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

ஆனால் ஒரு மனிதனுக்கு நாளுக்கு எவ்வளவு தானியம்? இந்த இடத்தில்தான் ஸர் ரிச்சர்டு டெம்பிள் நாடக மேடையில் பிரவேசிக்கிறார். வைஸ்ராய் லிட்டன் பிரபு அவரைப் பஞ்சப் பிரதிநிதியாக நியமித்து, 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பினார். டெம்பிளின் கதை விசித்திரமானது. மூன்று வருஷம் முன்பு, 1874-ல், பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்து ஜனங்களைக் காப்பாற்றியவர் இவரேதான். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஊதாரி என்ற பட்டம்! உயிரைக் காப்பாற்றிப் பெயர் கெட்ட மனிதர் சென்னைக்கு வந்தபோது, கெட்ட பெயரை மீட்கத் தீர்மானித்துக்கொண்டு வந்தார். ஒன்றரை ராத்தல் தானியம் வாங்கும் அளவுக்கு இருந்த கூலியை ஒரு ராத்தலாகக் குறைத்தார். அதற்கு மேல் உப்பு புளிக்குக் கொஞ்சம் சில்லறை. இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே சரித்திரத்தில் பெயர் விழுந்துவிட்டது.

எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். வில்லியம் ராபர்ட் கார்னிஷ், சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர். 1871-ல் இந்த ராஜதானியின் ஜனத்தொகைக் கணக்கைப் பற்றிய அறிக்கையைத் தொகுத்தவரும் அவர்தான். அதாவது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எண்ணியவர், எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ராத்தல் போதாது, ஒன்றரை ராத்தலாவது வேண்டும் என்று அவர் வாதாடியதோடு நிற்கவில்லை. முக்கியமான இடம் இதுதான்: தானியம் மட்டும் கொடுத்தால் ஆகாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும், கடின வேலை செய்கிறவனுக்கு அவசியம் சேர வேண்டும் என்றார். புரதம் என்ற தமிழ் வார்த்தை அப்போது பிறக்கவில்லை. விஷயம் அதுதான்.

அந்த ஒரு ராத்தலை இன்றைய கணக்கில் பார்ப்போம். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அரிசி என்றே வைத்துக்கொண்டால் சுமார் 1,600 கலோரி. புரதம் 30 கிராமுக்குச் சற்று மேல். கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. இந்த 1,600 என்ற எண்ணைப் படித்ததும் கள்ளிக்குப்பத்து நடைக்காரர்கள் திடுக்கிடுவார்கள். உடம்பைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு இன்று பல ஊட்டச்சத்து நிபுணர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதே எண் அல்லவா? ஆம், அதே எண்தான். வித்தியாசம், ஒருவர் வெயிலில் கல் உடைத்தார், மற்றவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் அல்ல. அந்த 1,600-க்குள் என்ன இருந்தது என்பதும்தான்.

முடிவில் சென்னை சர்க்கார் பாதி வழிக்கு இறங்கி வந்தது. ஒன்றேகால் ராத்தல் தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு என்று ஆயிற்று. ஒன்றரை அவுன்ஸ் என்பது சுமார் 43 கிராம். இந்த எண்ணை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு தேவைப்படும். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் மொத்தம் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது மதிப்பீடு. 'மதராஸ் டைம்ஸ்' ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு பாகங்களாக எழுதிய பஞ்ச சரித்திரத்தைப் புரட்டுகிறவர்கள், இரவில் அதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

பருப்பு இல்லாமல் போனால் என்ன ஆகிவிடும்? நம் உடம்பு ஒரு வீடு என்று வையுங்கள். அடுப்பு எந்த நேரமும் எரிய வேண்டும். மாவுச்சத்துதான் அன்றாட விறகு. கொழுப்பு, பரணில் அடுக்கி வைத்த விறகு. புரதம் விறகே அல்ல. அது வீட்டின் தூணும் உத்தரமும். கிராமுக்கு மாவுச்சத்து 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற ரசாயன சாஸ்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கணக்குப் போட்டுத் தந்தார். இன்றைக்கு பிஸ்கோத்துப் பொட்டலத்தின் முதுகில் அச்சாகும் எண்களுக்கும் அதுவே அடிப்படை. விறகு குறைந்தால் வீட்டுக்காரன் பரணில் கை வைப்பான். நல்லது, பரண் காலியாவதைத்தானே நாம் விரும்புகிறோம்? சிக்கல் என்னவென்றால், இந்த வீட்டுக்காரன் அவ்வளவு நிதானமானவன் அல்ல. பரணில் ஒரு கை வைக்கும்போதே மற்றொரு கையால் உத்தரத்தையும் வெட்டிப் போடுகிறான். பஞ்சத்தில் பரண் எப்போதோ காலி, எரிந்ததெல்லாம் உத்தரம்தான்.

டெம்பிள் சென்னைக்கு வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்பு, கடலுக்கு அப்பால் லண்டன் நகரத்தில் நேர் எதிரான துன்பம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வில்லியம் பாண்டிங் என்பவர் பிரேதப் பெட்டி செய்து அடக்கச் சடங்கு நடத்தும் பரம்பரைத் தொழில்காரர். பிரபுக்களெல்லாம் அவர் குடும்பத்தின் வாடிக்கைக்காரர்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு 202 ராத்தல் எடை. குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியவில்லை. காது மந்தமாகிறது என்று ஹார்வி என்ற டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் காதைப் பார்த்தவர், வயிற்றையும் பார்த்தார். ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பீர் எல்லாவற்றையும் நிறுத்து, மாமிசம் சாப்பிடு என்றார். ஒரு வருஷத்தில் 46 ராத்தல் இறங்கிற்று. மகிழ்ச்சி தாங்காமல் 1863-ல் பாண்டிங் ஒரு சிறு பிரசுரம் அச்சடித்து இலவசமாக வினியோகித்தார். அவர் பெயரே உடம்பைக் குறைப்பதற்கு ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. சுவீடன் தேசத்து மொழியில் இன்றும் அந்தச் சொல் வழங்குகிறது. பெட்டி செய்கிறவர் பெட்டிக்குள் போகாமல் இருக்க வழி சொன்னார் என்றால் ஜனங்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? சோற்றை அடியோடு விட்ட நமது நண்பர் பாண்டிங்கின் சிஷ்யர்தான். அவருக்கே அது தெரியாது.

கார்னிஷின் வழக்கு நாற்பது வருஷம் தூங்கிற்று. அதை மறுபடி எழுப்பியது நீலகிரி மலைமேல், குன்னூரில் இருந்த பாஸ்டர் நிலையம். அங்கே 1918-ல் ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய வெள்ளை அரிசியை நம்பி வாழும் ஜனங்களைப் பீடிக்கும் நோய் அது. சிறிய அளவில் ஆரம்பித்த அந்த விசாரணை 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது.

மக்காரிசன் செய்த காரியம் ஒரு நாவலாசிரியனுக்குத் தோன்றியிருக்க வேண்டிய கற்பனை. இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குப் பரிமாறினார். ஒரு கூண்டில் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, கீரை, எப்போதாவது மாமிசம். இன்னொன்றில் பட்டாணியர் சாப்பாடு; மற்றொன்றில் மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளி என்று வரிசை. கடைசிக் கூண்டில் நம்முடைய சாப்பாடு. கழுவிக் கழுவி வடித்த வெள்ளைச் சோறு, கொஞ்சம் பருப்பு, காய்கறி, தேங்காய், பெயருக்கு மோர். சில வாரம் கழித்துத் தராசில் நிறுத்தியபோது சீக்கிய எலி முதலிடம் பெற்றது. கடைசி இடம் யாருக்கு என்று சொல்லவா வேண்டும்? மதராஸ் எலிக்குத்தான்.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். சீக்கிய எலி பருத்துவிடவில்லை, வளர்ந்தது. அதன் எடை எலும்பிலும் தசையிலும் இருந்தது. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டப்பா மாமிசம் என்று ஏழை ஆங்கிலேயனின் சாப்பாட்டையும் மக்காரிசன் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் கூண்டில் எலிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்ற கதையை 1936-ல் லண்டனுக்கே போய்ச் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மெச்ச வேண்டும். ஆனால் எலியின் எடையை வைத்து ஜாதிகளின் வீரத்தை அளக்கப் பார்த்தாரே, அதை என்னால் மெச்ச முடியவில்லை. பஞ்சாபிக் குடியானவன் வீட்டுக் கொட்டிலில் எருமை கட்டியிருந்தது. செங்கற்பட்டு ஜில்லாப் பண்ணையாளுக்குக் கொட்டிலே இல்லை. வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, மோரில் இருந்தது.

1935-ல் மக்காரிசனுக்குப் பிறகு குன்னூருக்கு வந்த டாக்டர் அய்க்ராய்டு, எலிகளை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்பினார். நம் நாட்டு உணவு ஒவ்வொன்றிலும் மாவுச்சத்து எவ்வளவு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளந்து 1937-ல் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். கேழ்வரகு, துவரை, முருங்கைக்கீரை, வாழைப்பூ எல்லாம் எண்களாகிவிட்டன. இன்று கையடக்கத் தொலைபேசியில் இட்லியின் கலோரியைத் தேடுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளைகளைத்தான்.

குன்னூர் கூடம் 1958-ல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்தது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூரில் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சி. கோபாலன் அதன் தலைவரானார். அந்தக் காலத்தில் உலகமெங்கும் புரதப் பஞ்சம், புரதப் பஞ்சம் என்று ஒரே கூச்சல். மாவிலும் மீனிலும் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பொட்டலம் கட்டி ஏழை நாடுகளுக்கு அனுப்பத் திட்டங்கள் கிளம்பின. கோபாலன் அவசரப்படவில்லை. உடம்பு வற்றிப்போன குழந்தையும், வீங்கிப்போன குழந்தையும் ஒரே விதமான சாப்பாட்டையே சாப்பிட்டு வளர்ந்தவை என்று 1968-ல் எழுதினார். ஏழைக் குழந்தைக்கு முதற்குறை வயிறு நிறையாததுதான். வயிறு நிறையாதபோது எவ்வளவு புரதத்தைக் கொட்டினாலும் அடுப்பில் விறகாக எரிந்துபோகும். கார்னிஷ் சொன்னதற்கு இது மறுப்பு அல்ல; மறுபாதி. தூணும் வேண்டும், விறகும் வேண்டும்.

பிறகு விறகுக்குப் பஞ்சம் இல்லாத காலம் வந்தது. அதை விரிக்கத் தேவையில்லை. நம்மில் வயதானவர்கள் கண்ணால் பார்த்ததுதான். யுத்த காலத்து ரேஷன். 1965-ல் லால்பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டபடி திங்கட்கிழமை ராத்திரி பட்டினி. 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி. 2011 முதல் இலவச அரிசி. ஒரு காலத்தில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் என்று இருந்த வீடுகளில் மூன்று வேளையும் அரிசி வேகிறது. இதைக் குறை சொல்கிறவன் பசியை அறியாதவன். பள்ளிக்கூடச் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. அரிசி ஓடி வந்தது, முட்டை நடந்து வந்தது.

இதற்கிடையில் உழைப்பு மாறிவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பைத் தூக்கியவரின் பிள்ளை அதே பேட்டையில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். தட்டு மட்டும் அப்பாவின் தட்டு. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பெண்களில் 40 பேருக்கும், நூறு ஆண்களில் 37 பேருக்கும் எடை வேண்டியதற்கு மேல். சென்னை நகரவாசிகளைப் பரிசோதித்து 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அவர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி. மக்காரிசனின் கடைசிக் கூண்டு அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கிற எலிதான் வளராமல் நின்றதற்குப் பதிலாக இப்போது பருக்கிறது.

இளைக்க வேண்டுமானால் எதைக் குறைப்பது, மாவையா கொழுப்பையா? இதை நன்றாகச் சோதித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 811 பேரை நான்கு விதமான சத்து விகிதங்களில் இரண்டு வருஷம் சாப்பிட வைத்து, 2009-ல் முடிவைச் சொன்னார்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு இளைத்தார்கள். 2018-ல் 609 பேரை வைத்து இன்னொரு சோதனை. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் சுமார் 5 கிலோ, மாவைக் குறைத்தவர்களுக்கு சுமார் 6 கிலோ. சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. ஆகவே சோறு விட்டவரும் நெய் விட்டவரும் வீணாகச் சண்டை போடுகிறார்கள். மொத்தத்தில் வரவு குறைந்தால் எடை குறையும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பாதியாக்கிய நமது மூன்றாவது நண்பர்தான் புத்திசாலியா? அவருடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்தில் ஏழு கிலோ இறங்கினார். சட்டை தொளதொளவென்று ஆயிற்று. தெருவில் எல்லாரும் மெச்சினார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது என்றார். அவர் தட்டைப் பார்த்தேன். முன்பு ஒரு மலைச் சோறும் ஒரு கரண்டிப் பருப்பும் இருந்த இடத்தில், அரை மலைச் சோறும் அரைக் கரண்டிப் பருப்பும் இருந்தன. முன்பே குறைவாக இருந்தது எதுவோ அதையும் பாதியாக்கிவிட்டார். ஸர் ரிச்சர்டு டெம்பிளின் கணக்கு! தராசு கீழே இறங்குகிறது. இறங்குவது பரணா உத்தரமா என்று தராசு சொல்வதில்லை.

நம் நாட்டுக்கு ஏற்ற கணக்கும் இருக்கிறது. பல ராஜ்யங்களில் 18,090 பேரின் சாப்பாட்டை ஆராய்ந்து, சென்னை டாக்டர்கள் முன்னின்று 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் அதிலிருந்து மீள்வதற்காகச் சொல்லும் விகிதம் இது: நூறு கலோரியில் மாவுச்சத்து 50 முதல் 56, புரதம் 18 முதல் 20, கொழுப்பு 21 முதல் 27. டெம்பிளின் அதே 1,600 கலோரியில் இதைப் பொருத்தினால், புரதம் 75 கிராம் அளவுக்கு வருகிறது. அந்த ஒரு ராத்தல் அரிசியில் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்! அரிசியும் கோதுமையும் கேழ்வரகும் எல்லாம் சேர்த்து நாளுக்கு 150 கிராமுக்குள் நிறுத்தி, இரண்டு முட்டை, கெட்டிப் பருப்பு இரண்டு வேளை, ஒரு கிண்ணம் சுண்டல், அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பாலோ தயிரோ, ஒரு துண்டு மீன் என்று வைத்தால் கணக்கு நேராகிவிடும். எண்ணெய் நாலு தேக்கரண்டி. முட்டையும் மீனும் தொடாதவர்களுக்குச் சற்றுக் கஷ்டம்தான். தயிரும் பயறும் சோயாவும் இன்னும் கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. தசையை வைத்திருப்பதற்குப் பருப்பு மட்டும் போதாது, பளுவும் தூக்க வேண்டும். கையை வீசி நடப்பது இதயத்துக்கு நல்லது. தொடை நடுக்கத்துக்கு மாடிப்படிதான் மருந்து.

கேட்பதற்குச் சுலபம். மளிகைக் கடையில் நின்றால் அவ்வளவு சுலபம் இல்லை. வயிற்றை நிரப்ப அரிசி மலிவு. உத்தரத்தைக் காக்கும் பொருள்கள் விலை கூடியவை. சர்க்காருக்கும் இது தெரியாமல் இல்லை. 2007 முதல் ரேஷன் கடையில் துவரம் பருப்பும் மலிவு விலைக்குத் தருகிறார்கள். ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, விலை 30 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் வரும். தாது வருஷத்துப் பஞ்சக் கூலியாளுக்கு, டாக்டர் கார்னிஷ் சண்டை போட்ட பிறகு கிடைத்தது 43 கிராம். மீதி 35 கிராமைக் கள்ளிக்குப்பத்துக்காரர்கள் கைக்காசு போட்டுத்தான் வாங்குகிறார்கள், வாங்குகிறவர்கள்.